விரதமும் தோழமையும்
இலங்கை இளைஞரின் சுகாதாரப் பணி: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தின் உடல்நலம் மருத்துவமனைகளின் எண்ணிக்கையால் மாத்திரம் அளவிடப்படுவதன்று. மக்கள் எதை உண்கின்றனர், எதைக் குடிக்கின்றனர், எத்தகைய வீட்டில் உறங்குகின்றனர், எவரைப் பார்த்துத் தம் பழக்கங்களை அமைத்துக்கொள்கின்றனர் என்பனவெல்லாம் அந்நலத்தை உருவாக்குவனவாகும். இவற்றுள் இறுதியிற் கூறப்பட்டது இளைஞரைப் பொறுத்தவரையில் மிக முக்கியமானது. இளைஞன் ஒருவன் முதன்முதலாகப் புகைக்கவோ மதுவருந்தவோ தொடங்குவது பெரும்பாலும் தோழர் கூட்டத்தின் நடுவிலேயே ஆகும். தந்தையின் கண்டிப்பும் ஆசிரியரின் அறிவுரையும் எட்டாத இடத்தைத் தோழனின் சொல் எளிதில் எட்டிவிடுகின்றது. தீய பழக்கம் செல்லும் அதே வழியால் நல்ல பழக்கத்தையும் செலுத்த இயலுமா என்னும் வினா இன்று பலராலும் எழுப்பப்படுகின்றது. ஆனால் இவ்வினா புதியதன்று. நூறாண்டுகளுக்கு மேலாக இலங்கையின் இளைஞர் இதற்கு வெவ்வேறு விடைகளைத் தேடி வந்துள்ளனர். அவ்விடைகளுள் எவை நிலைத்தன, எவை தவறின, ஏன் தவறின என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கங்களின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கொழும்பு நகரிலே ஆங்கிலங் கற்ற இளைஞர் தொகை பெருகிற்று. எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் சட்டம் பயில்வோராகவும் நகரை நாடி வந்த இவர்களுட் பலர் தம் குடும்பங்களை ஊர்களில் விட்டு வந்தவர்கள். ஊரின் கட்டுப்பாடு நீங்கிய இடத்தில் நகரின் கவர்ச்சிகள் அவர்களைச் சூழ்ந்தன. இச்சூழ்நிலையிலேயே இளைஞர் சங்கங்கள் தோன்றின. 1897 ஆம் ஆண்டு ஜனவரியில் மேலைநாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் கொழும்பில் இறங்கி உரையாற்றினார். உடலுரம் இன்றி உள்ளத்துரம் இல்லை என்னும் அவரது கருத்து சைவ இளைஞரிடையே பெருந் தாக்கத்தை விளைவித்தது. 1898 இற் கொழும்பு இளைஞர் பௌத்த சங்கம் நிறுவப்பட்டது. 1902 இற் கொழும்பு விவேகானந்த சபை உருவாயிற்று. சமய அறிவை வளர்ப்பது இவற்றின் முதன்மையான நோக்கமாக இருந்ததாயினும், ஒழுக்கமான வாழ்க்கை என்பதும் அந்நோக்கத்தினுள் அடங்கியிருந்தது. தம் வயதினரோடு கூடி வாசிக்கவும் விவாதிக்கவும் ஓரிடம் கிடைத்தமை இளைஞரைத் தவறணையினின்றும் விலக்கும் வழிகளுள் ஒன்றாயிற்று.

இச்சங்கங்கள் ஊட்டிய உணர்வின் அரசியல் வெளிப்பாடாகவே மதுவிலக்கு இயக்கத்தைக் கருதல் வேண்டும். 1904 ஆம் ஆண்டளவில் தென்மேற்கு இலங்கையின் கிராமங்களிற் பரவிய இவ்வியக்கம் 1912 இல் மீண்டும் பேரெழுச்சி கொண்டது. அவ்வாண்டு கொண்டுவரப்பட்ட மதுவரிச் சீர்திருத்தங்கள் சாராயத் தவறணைகளையும் கள்ளுத் தவறணைகளையும் வேறாக்கி, நாடெங்கும் கள்ளுத் தவறணைகளைப் பெருக்க வழிவகுத்தமையே இதற்கு உடனடிக் காரணமாகும். குடியேற்ற அரசாங்கத்தின் வருமானத்தில் மதுவரி பெரும்பங்கு வகித்தது. ஆகவே குடியை எதிர்த்தல் என்பது அரசாங்கத்தின் கருவூலத்தை எதிர்த்தலாகவும் பொருள்பட்டது. எவ். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க ஆகிய சகோதரர் அப்பொழுது முப்பது வயதையொட்டிய இளைஞர். டி. பி. ஜயதிலக்க போன்ற மூத்தோருடன் அவர்களும் ஊரூராகச் சென்று உரையாற்றினர். ஆயிரக்கணக்கானோர் மது தொடுவதில்லை என உறுதிமொழி எடுத்தனர்.

உறுதிமொழியின் வலிமையையும் அதன் எல்லையையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். தனி ஒருவனின் விரதம் ஊரார் முன்னிலையில் எடுக்கப்படும்பொழுது அது பொதுக் கடமையாகிவிடுகின்றது. அதனை மீறுவதற்கு நாணம் தடையாகின்றது. இது அதன் வலிமை. ஆனால் விரதம் எடுப்பவன் ஏன் குடிக்கலானான் என்னும் வினாவை விரதம் எழுப்புவதில்லை. சாராயக் குத்தகை வாயிலாகச் செல்வந் திரட்டிய குடும்பங்கள் பல அக்கால இலங்கையில் உயர்நிலை எய்தியிருந்தன. குடியை ஏழையின் ஒழுக்கக்கேடு என்று மாத்திரம் காட்டியபோது, அதனை விற்று வாழ்ந்தோரின் பொறுப்பு மறைக்கப்பட்டது. இது அதன் எல்லை.

1915 ஆம் ஆண்டின் படிப்பினை

இயக்கத்தின் மற்றொரு குறைபாடு இன்னும் பாரதூரமானதாகும். தூய்மை பற்றிய பேச்சு, தூய்மையற்றவர் எனச் சிலரைச் சுட்டும் பேச்சாக மாறுவது எளிது. அநகாரிக தர்மபாலர் முதலியோரின் எழுத்துகளில் மதுவுக்கெதிரான அறைகூவலும் பிற இன வணிகருக்கெதிரான வெறுப்பும் அருகருகே காணப்பட்டன. 1915 ஆம் ஆண்டு மே மாத இறுதியிற் கண்டியில் வெடித்த கலவரம் பல மாவட்டங்களுக்கும் பரவி முஸ்லிம் மக்களுக்குப் பேரழிவை உண்டாக்கிற்று. அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்து, மதுவிலக்கு இயக்கத் தலைவர்களைச் சதிகாரர் எனக் கருதிச் சிறையிலிட்டது. அத்தகைய சதி எதுவும் இருந்ததற்குச் சான்றில்லை என்பதே பின்வந்த வரலாற்றாசிரியர்களின் முடிவாகும். இராணுவச் சட்டத்தின் கொடுமைகளைச் சட்ட நிரூபண சபையிலும் பின்னர் இங்கிலாந்திலும் எடுத்துரைத்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்பது நாம் அறிந்ததே.

இந்நிகழ்ச்சியை அரசாங்கத்தின் அடக்குமுறையாக மாத்திரம் நினைவுகூருவது வழக்கமாயிற்று. அது அடக்குமுறையே என்பதில் ஐயமில்லை. ஆயினும் நல்வாழ்வுக்கான இயக்கம் தன் அயலவனை அச்சுறுத்தும் உணர்ச்சிகளுக்கு அருகிற் குடியிருந்தது என்னும் உண்மையையும் வரலாற்று மாணவன் மறைத்தலாகாது. பாதிக்கப்பட்ட முஸ்லிம் வணிகனுக்கும் அவன் குடும்பத்துக்கும் நலவாழ்வு என்ற சொல் அன்று எப்பொருளைத் தந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் தகும்.

யாழ்ப்பாணத்து மாணவர்

தென்னிலங்கையின் இயக்கம் இவ்வாறு தளர்ந்திருந்த காலத்தில், வடக்கிலே மாணவரே தலைமைதாங்கிய ஓர் அமைப்பு எழுந்தது. 1924 இல் யாழ்ப்பாண மாணவர் மாநாடாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் மாநாடு எனப் பெயர்பெற்ற அவ்வமைப்பின் உயிர்நாடியாக விளங்கியவர் ஹண்டி பேரின்பநாயகம் ஆவார். கல்லூரி மாணவரும் இளம் ஆசிரியரும் சமயபேதமின்றி இதில் ஒன்றுகூடினர். எளிய உடை, உள்நாட்டுப் பொருள்கள், தாய்மொழி, சாதி வேற்றுமை ஒழிப்பு என்பன அவர்களுடைய குறிக்கோள்களாயின. இவர்களின் அழைப்பை ஏற்று 1927 ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள், தாம் சென்ற இடங்களிற் கதரையும் தீண்டாமை ஒழிப்பையும் வலியுறுத்தியதோடு குடியின் கேட்டினையும் எடுத்துரைத்தார்.

யாழ்ப்பாணத்திலே கள் என்பது வெறும் குடிபானமன்று. அது பனையை நம்பி வாழ்ந்த சீவற்றொழிலாளரின் பிழைப்பாகும். அத்தொழிலாளரோ சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்கள். அவர்கள் இறக்கிய கள்ளை விரும்பிக் குடித்தவர்களுள், அவர்களைத் தம் முற்றத்துக்குள் அனுமதியாதவர்களும் இருந்தனர். இந்நிலையிற் கள்ளை ஒழி என்று மாத்திரம் கூறுவது ஒரு சாராரின் உடல்நலத்துக்காக இன்னொரு சாராரின் அடுப்பை அணைப்பதாக முடியும். வாலிபர் மாநாட்டினரின் சிறப்பு, அவர்கள் பழக்கத்தையும் சாதியையும் பிரித்துப் பாராமையாகும். பாடசாலைகளிற் சம ஆசனமும் சமபந்தியும் வேண்டுமென அவர்கள் குரல்கொடுத்தனர். 1930 ஆம் ஆண்டையொட்டிச் சம ஆசனம் நடைமுறைக்கு வந்தபொழுது சாதிமான்களின் எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. உடன் பயிலும் மாணவனோடு ஒரே பலகையில் அமர மறுப்பவன் அவனுக்கு நல்வாழ்வு போதிக்கும் தகுதியை எங்ஙனம் பெறுவான்? சீவற்றொழிலாளரின் பிழைப்புக்கு ஓரளவேனும் பாதுகாப்பளிக்கும் கூட்டுறவுச் சங்கங்கள் அமைவதற்கு 1970 களின் முற்பகுதிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மேலிருந்து வந்த சுகாதாரம்

இளைஞர் சங்கங்கள் ஒழுக்கத்தின் பெயரால் நலவாழ்வைப் பேசிய அதே காலத்தில், அரசாங்கமும் அயல்நாட்டு நிறுவனங்களும் அறிவியலின் பெயரால் அதனைப் பேசத் தொடங்கின. 1916 இல் ரொக்பெல்லர் நிதியத்தின் உதவியோடு கொளுக்கிப்புழு ஒழிப்புப் பணி மலையகத் தோட்டங்களில் ஆரம்பிக்கப்பட்டது. வெறுங்காலுடன் ஈரமண்ணில் உழைத்த தமிழ்த் தொழிலாளரின் இரத்தத்தை இப்புழு உறிஞ்சிற்று. மலத்துடன் வெளியேறும் முட்டைகள் மண்ணிற் குடம்பிகளாகி, மனிதரின் பாதத் தோலைத் துளைத்து மீண்டும் உடலினுட் செல்வதே இந்நோயின் சுழற்சியாகும். மருந்து கொடுத்தபோது புழுக்கள் வெளியேறின. ஆனால் லயங்களிற் போதிய மலகூடங்கள் இல்லாமையால் நோய் மீண்டும் தொற்றிற்று. மருந்தை மாத்திரம் வழங்கி, வாழ்க்கை நிலையை மாற்றாது விடும் சுகாதாரம் நிலைபெறாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்வனுபவத்தின் பயனாக 1926 இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. தாய்சேய் நலம், பாடசாலை மாணவர் பரிசோதனை, மலகூடம் அமைத்தல், தடுப்பூசி, வீடுதோறுஞ் சென்று விளக்குதல் ஆகியவற்றை ஒரே பிரதேசத்தில் ஒன்றிணைத்த இம்முறை பின்னர் நாடெங்கும் பரவிற்று. இலங்கையின் பிற்காலச் சுகாதார முன்னேற்றத்துக்கு இது அடித்தளமாயிற்று எனின் மிகையாகாது. ஆயினும் இம்முறையில் மக்கள் கேட்போராகவும் அலுவலர் சொல்வோராகவுமே இருந்தனர். சொல்வோனும் கேட்போனும் ஒரே துன்பத்தின் நடுவில் நிற்கும் நிலை இன்னும் தோன்றவில்லை.

பூவரசம்பூவும் பருப்பும்

அந்நிலை முப்பதுகளிலே தோன்றிற்று. முதலாம் உலகப்போரின் நினைவாக ஆண்டுதோறும் நவம்பர் 11 ஆந் திகதி பொப்பி மலர் விற்கப்பட்டது. அதில் திரட்டப்பட்ட நிதியின் பெரும்பகுதி நாட்டைவிட்டு வெளியே சென்றது. இதற்கு எதிராக உள்ளூர்ப் பூவரசம்பூவை விற்கும் சூரியமல் இயக்கம் எழுந்தது. 1933 இல் இளைஞர் கழகங்கள் இதனைத் தம் பொறுப்பில் ஏற்றன. ஆனந்த பாலிகா வித்தியாலயத்தின் அதிபராயிருந்த இருபத்தாறு வயது டொறீன் யங் இதன் தலைவரானார். அதே ஆண்டில் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் அவர்களுக்குத் துணைநின்றனர். சிங்களத் தொழிலாளரும் இந்தியத் தொழிலாளரும் ஒருங்கே பணியாற்றிய ஆலை அது. படித்த இளைஞர் கொழும்பு நகரின் உழைப்பாளரது ஊதியத்தையும் உணவையும் குடியிருப்பையும் நேரிற் கண்டறிந்த பயிற்சிக்களங்களுள் ஒன்றாக வெள்ளவத்தை விளங்கிற்று.

1934 இற் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா ஆகியன வற்றிக் குட்டைகளாயின. ஓடும் நீரிற் பெருகாத அனோபிலிசு நுளம்பு இக்குட்டைகளில் அளவின்றிப் பெருகிற்று. அவ்வாண்டின் இறுதி மாதங்களிற் கேகாலை, குருநாகல் மாவட்டங்களிலே மலேரியா கொள்ளைநோயாகப் பரவிற்று. வரண்ட வலயத்து மக்களைப் போலன்றி இப்பகுதி மக்கள் நோயெதிர்ப்பு குறைந்தவர்களாயிருந்தமை அழிவைப் பெருக்கிற்று. 1935 ஆம் ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என மதிப்பிடப்படுகின்றது. அக்கால இலங்கையின் சனத்தொகை ஐம்பத்துமூன்று இலட்சமளவினதே என்பதை நோக்கும்பொழுது இவ்வழிவின் பரிமாணம் புலனாகும்.

சூரியமல் இளைஞர் கொயினாவுடன் கிராமங்களுக்குச் சென்றனர். மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்க அவர்களுக்கு வழிகாட்டினார். அங்கே அவர்கள் கண்டது நோயை மாத்திரமன்று. உலகப் பொருளாதார மந்தத்தால் வருமானமிழந்து, வரட்சியால் விளைச்சலிழந்து, பல மாதங்களாகப் பட்டினி கிடந்த உடல்களையே நுளம்பு வீழ்த்தியிருந்தது. ஆகவே கொயினாவோடு அரிசியும் பருப்பும் மாமைட்டும் கொண்டுசெல்லப்பட்டன. இருபத்தொன்பது வயதினராயிருந்த என். எம். பெரேரா வீடுவீடாகப் பருப்பு வழங்கியமையால் மக்கள் அவரைப் பருப்பு மகாத்தயா என அன்போடு அழைத்தனர். இலண்டனிற் பொருளியல் ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவருக்குக் கிராமத்தார் வழங்கிய இப்பட்டம் அவரது பெயருடன் நிலைத்துவிட்டது.

இங்கே இளைஞரின் சுகாதாரப் பணி அடிப்படையான மாற்றமொன்றைப் பெறுகின்றது. மதுவிலக்குத் தொண்டன் ஊராரிடம் எதைக் கைவிட வேண்டுமெனக் கூறினான். சூரியமல் தொண்டனோ அவர்களிடம் எது இல்லை என வினவினான். முன்னவன் பழக்கத்தில் நோயின் மூலத்தைத் தேடினான். பின்னவன் அதனை நிலவுரிமையிலும் கூலியிலும் கண்டான். 1935 டிசம்பரில் இவ்விளைஞர் இலங்கைச் சமசமாசக் கட்சியைத் தோற்றுவித்தனர். 1936 ஆம் ஆண்டுத் தேர்தலில் றுவான்வெல்லையும் அவிசாவளையும் முறையே என். எம். பெரேராவையும் பிலிப் குணவர்தனவையும் அரசாங்க சபைக்கு அனுப்பின. நிவாரணப் பணி அரசியல் இலாபத்துக்காகவே செய்யப்பட்டது என்று குறைகூறுவாரும் உளர். பட்டினியை அரசியலினின்றும் பிரித்துக் காண இயலாது என்பதே அவ்விளைஞர் கொண்டிருந்த கொள்கை என்பதை நினைவிற்கொண்டே இக்குற்றச்சாட்டினை மதிப்பிடுதல் வேண்டும்.

கிணறு தோண்டிய மாணவர்

சுதந்திரத்தின் பின்னர் இம்மரபு வேறொரு வடிவிலே தொடர்ந்தது. 1958 ஆம் ஆண்டு டிசம்பரில் நாலந்தாக் கல்லூரி ஆசிரியரான ஏ. டி. ஆரியரத்ன தம் மாணவரையும் ஆசிரியர் சிலரையும் குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவ என்னுங் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அது சிங்களச் சமுதாயத்தின் அடித்தளத்தில் ஒதுக்கப்பட்டிருந்த ரொடியா மக்களின் குடியிருப்பாகும். மாணவர் கிணறும் மலகூடமும் அமைப்பதில் ஊராரோடு சேர்ந்துழைத்தனர், அவர்களுடன் உண்டனர். சர்வோதய சிரமதான இயக்கம் இதனின்றே வளர்ந்தது. தூய நீர் வயிற்றோட்டத்தைத் தடுக்கும் என்பதைச் சொற்பொழிவால் விளக்குவதற்கும், அந்நீரைத் தரும் கிணற்றை ஊர் இளைஞனோடு சேர்ந்து தோண்டுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் இனக்கலவரம் நாட்டைப் பிளந்திருந்தது. அதே ஆண்டின் இறுதியில், ஒதுக்கப்பட்டோருடன் ஒரே பந்தியில் உண்ட மாணவரின் செயல் சிறியதேயாயினும் பொருள்பொதிந்ததாகும்.

இன்றைய பல்கலைக்கழகமும் இவ்வரலாறும்

கடந்த சில தசாப்தங்களில் இலங்கையின் சுகாதாரம் பெரிதும் முன்னேறியுள்ளது. 80,000 உயிர்களைக் கொண்டுசென்ற மலேரியாவினின்றும் நாடு விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரிற் சான்றளித்தது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மது விளம்பரங்களைத் தடைசெய்து, இருபத்தொரு வயதுக்குக் குறைந்தோருக்கு அவற்றை விற்றலைக் குற்றமாக்கிற்று. கொள்ளைநோய்களின் இடத்தை நீரிழிவும் இதயநோயும் புற்றுநோயும் பிடித்துள்ளன. இவை நுளம்பினாற் பரவுவன அல்ல; உணவு, புகை, மது, உடலுழைப்பின்மை ஆகியவற்றால் ஆண்டுக்கணக்கிற் சேர்வன. இவற்றின் விதைகள் பெரும்பாலும் இளமையிலேயே விழுகின்றன.

நுகேகொடைக் கங்கொடவிலையில் அமைந்துள்ள பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவரின் நிலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கொழும்புக்கு வந்த எழுதுவினைஞரின் நிலையினின்றும் அதிகம் வேறுபட்டதன்று. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வருவோர் வாடகை அறைகளில் நால்வர் ஐவராகத் தங்குகின்றனர். காலையுணவைத் தவிர்ப்பதும், மலிவான மாவுணவால் வயிற்றை நிரப்புவதும், பரீட்சைக் காலத்தில் உறக்கத்தை இழப்பதும் வழக்கமாகிவிடுகின்றன. முதல் சிகரெட்டும் முதல் மதுக்கிண்ணமும் தோழமையின் அடையாளமாக நீட்டப்படுகின்றன. சிலவிடங்களில் மூத்த மாணவரின் பகிடிவதையே அவற்றை நீட்டும் கையாகின்றது. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. எனினும் ஏற்க மறுப்பவன் தனித்துவிடப்படுவான் என்னும் அச்சத்தைச் சட்டத்தால் மாத்திரம் போக்கிவிட இயலாது. அதனைப் போக்கவல்லவர் உடன் பயிலும் மாணவரேயாவர்.

அவர்கள் அதனை எவ்வாறு செய்தல் வேண்டும்? மேற்கூறிய வரலாறு சில எச்சரிக்கைகளைத் தருகின்றது. ஒழுக்கத்தில் உயர்ந்தவன் என்ற நிலையில் நின்று பேசுபவனின் சொல், கேட்போனின் காதிற் பழிப்பாகவே ஒலிக்கும். காலையுணவுக்குப் பணமில்லாத மாணவனிடம் சமநிலையுணவு பற்றிய துண்டுப்பிரசுரத்தைக் கொடுப்பது, மலகூடமில்லாத லயத்திற் புழுமருந்து கொடுத்ததைப் போன்றதே. மாறாக, ஓர் அறையில் வாழும் ஐவர் பணஞ்சேர்த்து முறைவைத்துச் சமைப்பார்களாயின், அது சிறிய அளவிலேனும் ஒரு சமபந்தியாகும். மது இல்லாத விருந்தொன்றை மகிழ்ச்சி குன்றாது நடத்திக்காட்டுவதும், நீட்டப்பட்டதை மறுக்கும் புதிய மாணவனின் அருகில் மூத்தவன் ஒருவன் வந்து அமர்வதும் எத்தனையோ சொற்பொழிவுகளுக்கு ஈடாகும். உணவகத்தின் விலையும் விடுதியின் குடிநீரும் மாணவர் சங்கத்தின் கோரிக்கைகளுள் இடம்பெறுவதும் சுகாதாரப் பணியேயாகும்.

மதுவிலக்குத் தொண்டரின் உறுதியை நாம் இகழவேண்டியதில்லை. அவர்களின் துணிவின்றி இம்மரபு தொடங்கியிராது. ஆயினும் அவர்களுடைய விரதம் அயலவனை மறந்தபோது அது பிளவுக்குத் துணைபோயிற்று. பருப்புச் சுமந்தும் கிணறு தோண்டியும் பணிசெய்தோர் அவ்விரதத்தைத் தோழமையாக மாற்றினர். நலவாழ்வைப் பற்றிப் பேசப் புறப்படும் மாணவன், பேசுவதற்கு முன் தன் தோழன் இன்று உண்டானா என்று கேட்டறிவானாயின், இவ்வரலாற்றின் பயனை அவன் பெற்றவனாவான்.